ரிசேர்விலை போடுறதோ, கொப்பிக் கடையிலை குடுக்கிறதோ, மூடிலிலை ஏத்துறதோ?

போன கிழமை இரவு ஒரு தங்கச்சி கோல் எடுத்தா. கம்பஸிலை எனக்கு ரெண்டு பட்ச் ஜூனியர், இப்ப புதுசா லெக்சரரா வந்திருக்கிறா, செமஸ்டர் தொடங்க இன்னும் மூண்டு கிழமை கிடக்கு. "அண்ணா, எண்பது பிள்ளையள், மெயின் புத்தகம் லைப்ரரியிலை நாலே நாலு கொப்பிதான், ரிசேர்விலை போடட்டோ, இல்லாட்டி சப்டர் சப்டரா ஸ்கான் பண்ணி வட்ஸப்பிலை விடட்டோ?" எண்டு கேட்டா. ஒரு வரியிலை மறுமொழி சொல்லிப்போட்டு வைக்கலாம் எண்டுதான் தொடங்கினனான், கடைசியிலை ஒரு மணித்தியாலம் கதைச்சிட்டன், பாவம் அவ ம் கொட்டிக்கொண்டே இருந்தா. அப்ப கதைச்சதையும் வச்சபிறகு ஞாபகம் வந்ததையும் சேத்து எழுதுறன், படிப்பிக்கிற ஆக்களுக்கு உதவும், படிக்கிற பிள்ளையளுக்கும் ஏன் உந்தப் புத்தகம் ராக்கையிலை இல்லாமல் கவுண்டருக்குப் பின்னால ஒளிச்சுக் கிடக்கு எண்டு விளங்கும்.

முதல்ல ரிசேர்வ் எண்டால் என்ன எண்டு சொல்லிப்போடுறன், ஏனெண்டால் கனபேர் அது ஏதோ பூட்டி வைக்கிற அலுமாரி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். எங்கட இலங்கைக் கம்பஸ் லைப்ரரிகளிலை பழகின பேர் ஸ்கெடியூல் ரெஃபரன்ஸ், சுருக்கி எஸ்ஆர். பெர்மனன்ட் ரெஃபரன்ஸ் எண்டது வெளிய போகவே போகாது, அகராதி, கலைக்களஞ்சியம் மாதிரிச் சாமான், அங்கயே இருந்து பாத்திட்டு வைக்க வேண்டியதுதான். லெண்டிங் எண்டது ரெண்டு கிழமை மாதிரி வீட்டை கொண்டுபோறது. எஸ்ஆர் ரெண்டுக்கும் நடுவிலை நிக்கிற சாமான், லெக்சரர் கேட்டு எழுதிக் குடுத்தால் அந்தப் புத்தகத்தை ராக்கையிலை இருந்து எடுத்து கவுண்டருக்குப் பின்னால வைப்பினம், ஐடி காட்டைக் குடுத்திட்டு ரெண்டு மணித்தியாலத்துக்கு வாங்கலாம், இல்லாட்டி பின்னேரம் பூட்டுற நேரம் எடுத்து அடுத்தநாள் விடியக் குடுக்கலாம், அதுதான் ஓவர்நைட். பிந்தினால் லெண்டிங் புத்தகத்தை விடத் தண்டக்காசு கூட, ஏனெண்டால் பின்னால ஆக்கள் நிக்கினம். கவனிச்சுப் பாருங்கோ, இதிலை புதுசா ஒரு கொப்பியும் வரேல்லை. இருக்கிற நாலு கொப்பியைத்தான் கெதி கெதியாக் கைமாத்துறம், அவ்வளவுதான் விசயம்.

கைமாத்தினால் என்ன வருது எண்ட கணக்கை ஒருத்தரும் போட்டுப் பாக்கிறேல்லை. தங்கச்சிக்கு நான் போட்ட கணக்கு இது. செமஸ்டர் 15 கிழமை, நாலு கொப்பி, ஒருத்தர் ரெண்டு கிழமை வச்சிருந்தால் ஒரு கொப்பி ஏழு பேருக்குப் போகும், நாலும் சேத்து 28 பேர், எண்பதிலை 28. அதுவும் ஒருத்தரும் பிந்தாமல், ரினியூ பண்ணாமல், கூட்டாளிக்குக் குடுக்காமல் இருந்தால்தான், உண்மையிலை இருபது தேறினால் பெரிய காரியம். முதல் நாளே ஓடிப்போய் எடுக்கிற நாலு பேர் எல்லா பட்ச்சிலும் இருப்பினம், அவையிட்டைத்தான் சோதினை வரைக்கும் கிடக்கும். இனி அதே நாலு கொப்பியை ரெண்டு மணித்தியாலக் கணக்கிலை விடுவம். விடிய எட்டுக்குத் திறந்து பின்னேரம் ஆறுக்குப் பூட்டுற லைப்ரரி எண்டு வச்சால் ஒரு நாளைக்கு அஞ்சு தரம், நாலு கொப்பிக்கும் இருபது, அஞ்சு நாளைக்கு நூறு. லெக்சர் நேரம் எல்லாம் ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு பாதியை வெட்டினாலும் கிழமைக்கு ஐம்பது தரம். ரெண்டு கிழமைக்குள்ள எண்பது பிள்ளையளும் ஒருக்காவாவது தொட்டிருப்பினம். ஓவர்நைட் மட்டும் எண்டால் ஒரு இரவுக்கு நாலு பேர், கிழமைக்கு இருபது, எண்பது பேருக்கு ஒரு மாதம். பகல்ல ரெண்டு மணித்தியாலம், பூட்டேக்கை ஓவர்நைட் எண்டு ரெண்டையும் சேத்துப் போடலாம், அப்பிடிக் கேக்கலாம் எண்டதே கனபேருக்குத் தெரியாது.

இவ்வளவும் கேட்டிட்டு "அப்ப எல்லாத்தையும் ரெண்டு மணித்தியாலத்திலை போடுறன் அண்ணா" எண்டா. அவசரப்படாதையும் எண்டு சொன்னன்.

ஏனெண்டால் ரெண்டு மணித்தியாலத்திலை ஒரு பிள்ளை என்ன வாசிக்கும்? தமிழ் மீடியத்திலை படிச்சு வந்த பிள்ளை, நாப்பது பக்க இங்கிலீஷ் சப்டர், பக்கத்திலை போன்ல அகராதி, ஒரு பந்தியை மூண்டு தரம் வாசிச்சு மாஜின்ல பென்சிலாலை (அதுவும் லைப்ரரிப் புத்தகத்திலை, கூடாது, ஆனால் செய்யினம்) தமிழிலை அர்த்தம் எழுதி எழுதிப் போறதெண்டால் பத்துப் பக்கம் போனால் பெரிய விசயம், அதுக்குள்ள அடுத்த ஆள் வந்து தலைமாட்டிலை நிக்கும். அதாலை ரெண்டு மணித்தியாலத்துக்கு எடுத்தவை உண்மையிலை வாசிக்கிறேல்லை, எடுத்த கையோட நேரா போட்டோகொப்பி மெஷினடிக்குத்தான் போகினம். நான் எத்தினையோ நாள் பாத்திருக்கிறன், லைன்ல நிக்கிற அரைவாசிப் பேர் கையிலை சிவப்புச் ஸ்டிக்கர் ஒட்டின எஸ்ஆர் புத்தகம். அப்ப ரிசேர்வும் போட்டோகொப்பியும் எதிரும் புதிருமான ரெண்டு வழி எண்டு நாங்கள் நினைக்கிறதே பிழை, ஒண்டு மற்றதுக்கு வாசல்.

அதாலை நான் முதல் பாக்கிறது உந்தச் சாமானை எப்பிடி வாசிக்கிறது எண்டதைத்தான், எங்க வைக்கிறது எண்டது பேந்து. ஒரு அட்டவணை, ஒரு வரைபடம், ஒரு சட்டப் பிரிவு, கணக்குக்கு விடை, பாஸ் பேப்பர், இதுகளுக்கு ரெண்டு மணித்தியாலம் தாராளம். தலைப்பிலை இருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சிலை வாசிச்சால்தான் விளங்கும் எண்ட வாதப் புத்தகத்துக்கு ஓவர்நைட் கூடக் காணாது, அதுக்கு ஒரு கிழமை வேணும், அதை ரிசேர்விலை போட்டுக் கொல்லக்கூடாது, பேசாமல் லெண்டிங்கிலையே விட்டிட்டு இன்னும் ரெண்டு கொப்பி வாங்கச் சொல்லிக் கேக்கிறது நல்லம். சீர்காழியிலை பிறந்து மெட்ராஸ் யூனிவேர்சிட்டியிலை லைப்ரேரியனா இருந்த ரங்கநாதன் 1931ல சொன்ன அஞ்சு விதியிலை நாலாவது, வாசகற்றை நேரத்தை மிச்சப்படுத்து எண்டது. லைப்ரரி சயன்ஸ் படிச்ச ஆக்கள் நித்திரையிலை எழுப்பினாலும் சொல்லுவினம். ரிசேர்வ் அந்த விதிக்குப் பொருந்தும் எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை, புத்தகத்தைத் தேடி அலையிற நேரம் மிச்சம்தான், ஆனால் வாசிக்கிற நேரத்தை அது துண்டு துண்டா வெட்டுது, அதையும் கணக்கிலை எடுக்கோணும்.

மற்றது ஆர் எப்ப வாறவை எண்ட கேள்வி. கம்பஸுக்குக் கிட்ட அறை எடுத்து நிக்கிற பிள்ளைக்கு ஓவர்நைட் சொர்க்கம், சைக்கிள்ல பத்து நிமிசம், பூட்டுற நேரம் வந்து எடுத்து விடிய எட்டுக்கு முதல் வாசல்ல நிக்கலாம். தீவுப் பக்கம், காரைநகரிலை இருந்தோ வேலணையிலை இருந்தோ தினமும் வந்து போற பிள்ளைக்கு? ஓவர்நைட் குடுக்கிற நேரத்துக்கு நிண்டால் பஸ்ஸை விடோணும், அடுத்த பஸ் எப்ப எண்டு பஸ்காரனுக்கே தெரியாது. பின்னேரத்திலை ரியூசன் படிப்பிச்சு அந்தக் காசிலை படிக்கிற பொடியளும் இருக்கிறாங்கள், அவங்களும் அந்த நேரம் லைப்ரரிப் பக்கம் வரேலாது. அவைக்குப் பகல் ரெண்டு மணித்தியாலம்தான் வழி, இல்லாட்டி கையிலை கொப்பி வேணும். ஒரு முறை மட்டும் வச்சால் ஆரோ ஒரு பகுதி வெளிய நிக்குது, அது எப்பவும் தூரத்திலை இருந்து வாற பகுதிதான், அவை வந்து முறைப்பாடும் சொல்லமாட்டினம், சோதினையிலைதான் தெரியும்.

என்ர சொந்தக் கூத்தையும் சொல்லோணும். முதல் முதல் ஒரு கோர்ஸ் கையிலை கிடைச்ச வருசம், எந்த இடம் எண்டு விடுங்கோ, 23 சாமான் எழுதி ஒரு லிஸ்ட் குடுத்தனான், படிப்பிக்கத் தொடங்கின கிழமையிலை. எனக்கு அப்ப அது பெரிய கெட்டித்தனம், பிள்ளையள் பரந்து வாசிக்கோணும் எண்ட நினைப்பு. கவுண்டரிலை நிண்ட அண்ணை லிஸ்டை மேலை கீழை பாத்திட்டு "சேர், இதிலை ஒன்பது லெண்டிங்கிலை வெளிய போட்டுது, கூப்பிட்டு எடுக்க நாள் எடுக்கும், ரெண்டு எங்களிட்டை இல்லவே இல்லை" எண்டார். ஒரு மாதம் கழிச்சுத்தான் மிச்சம் 21ம் வந்து சேந்தது. செமஸ்டர் முடிய ஒரு ஆசையிலை போய் ஒவ்வொரு புத்தகமாத் திறந்து பின் மட்டையிலை ஒட்டியிருக்கிற திகதித் துண்டைப் பாத்தன். மூண்டு புத்தகத்திலை சீல் அடிச்சு இடமில்லாமல் துண்டுக்கு மேலை துண்டு ஒட்டியிருந்தது. மற்ற பதினெட்டிலையும் ஒண்டு, ரெண்டு சீல், கனக்கத்திலை ஒண்டுமே இல்லை. அந்தப் பதினெட்டுப் புத்தகத்தையும் நான் பூட்டி வைக்காமல் ராக்கையிலை விட்டிருந்தால் வேற டிப்பார்ட்மென்ட் பிள்ளையாவது எடுத்து வாசிச்சிருக்கும். அண்டையிலை இருந்து ஒரு கோர்ஸுக்கு ஆறுக்கு மேலை நான் ரிசேர்விலை போடுறேல்லை, போடுறதும் டியூட்டோரியலிலையோ அசைன்மென்டிலையோ பக்கம் சொல்லிக் கேக்கப்போற சாமான்தான். கேக்காத சாமானைப் பிள்ளையள் எடுக்கமாட்டினம், நாங்களும் அப்பிடித்தானே இருந்தனாங்கள்.

ரிசேர்விலை இன்னொரு ஆபத்து. எல்லாரும் ஒரே சப்டருக்கு வந்தால் அந்தச் சப்டருக்குத்தான் அடி. ஒருக்கா ஒரு புத்தகத்தைத் திறக்கேக்கை 112க்கு அடுத்தது 131 எண்டு கிடந்தது, வடிவா பிளேட் வச்சு, தையலோட ஒட்டி, ஒரு மில்லிமீற்றர் விளிம்பு மட்டும் விட்டு வெட்டியிருந்தாங்கள், டொக்டர்மார் கெட்டார். கோவம் வந்தது, பேந்து யோசிச்சால் அண்டைக்கு போட்டோகொப்பி மெஷின் பழுது, அடுத்தநாள் மிட் சோதினை. நியாயப்படுத்தேல்லை, சொல்லுறன். அதுக்குப் பிறகு நான் செய்யிறது, ஆகலும் தேடுற சப்டரை மட்டும் கொப்பி அடிச்சு ஃபைல் கவர்ல போட்டுப் புத்தகத்தோட சேத்து ரிசேர்விலை குடுக்கிறது. புத்தகம் வெளிய போனாலும் சப்டர் நிக்கும், சப்டர் நிண்டால் பிளேட்டுக்கு வேலை இல்லை.

இனி போட்டோகொப்பிக் கடை. ஒறிஜினல் ஒண்டைக் கடையிலை குடுத்திட்டு "இன்ன சேற்றை இன்ன பாடம் எண்டு கேளுங்கோ" எண்டு சொல்லிவிடுறது எங்கட ஆக்களுக்கு நல்லா ஒத்துவந்த முறை, யாழ்ப்பாணத்திலை பலாலி வீதிப் பக்கமும் பரமேஸ்வராச் சந்தியடியும் கம்பஸ் பிள்ளையளை நம்பியே கடையள் இருக்கு. நல்லது என்னெண்டால் பிள்ளையின்ரை கையிலை தாள் இருக்கும், அடிக்கோடு இழுக்கலாம், பஸ்ஸிலை வாசிக்கலாம், கரண்டும் டேட்டாவும் தேவையில்லை. காசுதான் இடிக்கும். ஒரு பக்கம் பத்து ரூபா எண்டு ஒரு பேச்சுக்கு வைப்பம், 36 பக்கச் சப்டரை ரெண்டு ரெண்டு பக்கமாச் சேத்து அடிச்சால் 18 பக்கம், 180 ரூபா, ஒரு கோர்ஸுக்கு எட்டு வாசிப்பு எண்டால் 1,440, செமஸ்டருக்கு அஞ்சு கோர்ஸ் எண்டால் 7,200. சொல்லேக்கை பெரிசில்லை, மஹாபொல உதவிப்பணம் வரும் வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் பெரிசு. 2022ல என்ன நடந்தது எண்டு மறந்திருக்கமாட்டியள், மேல் மாகாணத்திலை தவணைச் சோதினைக்கே பேப்பர் இல்லாமல் பிற்போட்டவை, மார்ச் முடியேக்கை ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட், கொப்பிக் கடையை நம்பின கோர்ஸ் எல்லாம் அந்தரிச்சது. அண்டைக்கும் ரிசேர்விலை கிடந்த புத்தகம் ஜன்னல் வெளிச்சத்திலை வாசிக்கப்பட்டதுதான்.

சட்டம் எண்டொரு பக்கமும் இருக்கு, அதைப் பற்றி எங்கட ஆக்கள் ஒண்டில் ஒண்டும் யோசிக்கிறேல்லை, இல்லாட்டித் தேவைக்கு மேலை பயப்பிடினம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலை 11ஆம் பிரிவு நியாயமான பாவனையைச் சொல்லுது, படிப்பிக்கிறதுக்கும் வகுப்பிலை பாவிக்கக் கன கொப்பி எடுக்கிறதுக்கும் அதிலை இடம் இருக்கு. ஆனால் நாலு விசயம் பாப்பினம்: என்ன நோக்கம், எப்பிடியான ஆக்கம், எவ்வளவு எடுத்தது, அதாலை அந்தப் புத்தகத்தின்ரை விற்பனை அடிபடுதோ எண்டு. ஒரு சப்டர் எடுக்கிறதும் முழுப் புத்தகத்தையும் ஸ்பைரல் பைண்ட் பண்ணி அடுக்கி வச்சு விக்கிறதும் ஒண்டில்லை. எழுதினவர் செத்து 70 வருசம் வரைக்கும் உரிமை கிடக்கு எண்டதும் ஞாபகத்திலை இருக்கட்டும். டெல்லி யூனிவேர்சிட்டிக்குள்ள இருந்த ஒரு கொப்பிக் கடைக்கு எதிரா ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் எண்ட மூண்டு பதிப்பகமும் 2012ல வழக்குப் போட்டவை, கோர்ஸ் பக் (ஒரு கோர்ஸுக்குத் தேவையான சப்டர்களைச் சேத்துக் கட்டின கட்டு) அடிச்சு விக்கிறான் எண்டு. 2016 செப்டெம்பரிலை ஹைகோர்ட் வழக்கைத் தள்ளிச்சு, டிசம்பரிலை மேல் பெஞ்சும் படிப்பிக்கிற தேவைக்கு எடுக்கிறதை விரிவாத்தான் பாத்தது, அடுத்த வருசம் கம்பனியள் வழக்கை வாபஸ் வாங்கிட்டுது. அது இந்தியச் சட்டம், அப்பிடியே இஞ்ச கொண்டுவந்து ஒட்டேலாது. ரிசேர்விலை ஒறிஜினல் புத்தகத்தை வைக்கிறதிலை இந்தத் தலையிடி ஒண்டும் இல்லை, வாங்கின புத்தகத்தை இரவல் குடுக்கிறம், அவ்வளவுதானே.

மூடில் (கம்பஸின்ரை எல்எம்எஸ், ஒன்லைன்ல பாடம் போடுற தளம்), வட்ஸப் ரெண்டையும் ஒண்டாப் பாக்கிறவை இருக்கினம், எனக்கு ரெண்டுக்கும் இடையிலை எட்டாத தூரம். வட்ஸப் குரூப்பிலை பிடிஎஃப் விட்டால் கெதி, பட்ச் ரெப்புக்கு ஒரு மெசேஜ், பத்து நிமிசத்திலை எண்பது போனுக்கும் போகும். ஆனால் மூண்டாம் கிழமை அதைத் தேடினால்? "ஸ்கான் 0047" எண்ட பேரிலை, நடுவிலை நூறு குட்மோர்னிங்கும் ஆற்றையோ பேர்த்டேயும், டவுன்லோட் பண்ணாமல் விட்டவைக்கு நாள் போனபிறகு திறக்காது, திருப்பி அனுப்பச் சொல்லிக் கேக்கும். போனை மாத்தினவை, குரூப்பிலை இருந்து கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டவை, ரிப்பீட் எடுக்க வந்த பழைய பட்ச் ஆக்கள், இவைக்குப் போகவே போகாது. முக்கியமா அது உங்கட வகுப்போட நிக்காது, ஒருக்கா விட்டால் வேற கம்பஸ் குரூப் வரைக்கும் போயிடும், நியாயமான பாவனை எண்டு பேந்து சொல்லேலாது. மூடில்ல கிழமை வாரியாப் போடலாம், அந்தக் கோர்ஸுக்குப் பதிஞ்ச பிள்ளைக்கு மட்டும் திறக்கும், செமஸ்டர் முடிய மறைக்கலாம், ஆர் பாத்தவை எண்டும் தெரியும். 2020 கொரோனா நேரம் கம்பஸ் எல்எம்எஸ்சுக்கு டேட்டாக் காசு வெட்டாமல் விட்டவை, அந்தப் பழக்கத்திலைதான் இப்பவும் பிள்ளையள் முதல்ல அங்க போய்ப் பாக்கினம்.

மூடிலிலை போடுற ஆக்களுக்கு ரெண்டு விசயம், ரெண்டும் நான் பட்டு அறிஞ்சது. முதலாவது பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட். எங்கட பழைய நோட்ஸ் எல்லாம் பாமினியிலை அடிச்ச வேர்ட் ஃபைல், அதை அப்பிடியே ஏத்தினால் பிள்ளையின்ரை போன்ல "mk;kh" எண்டு, எனக்கே சிரிப்பு வந்தது, அம்மா எண்ட சொல்லு இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கும். பிடிஎஃப் ஆக்கிப் போட்டால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், ஆனால் தேடினால் ஒரு சொல்லும் அம்பிடாது, கொப்பி பண்ணி ஒட்டினால் திருப்பியும் அதே கூத்து. ஒருக்கா மினக்கெட்டு யுனிகோட்டுக்கு மாத்திப்போட்டு ஏத்துங்கோ, மாத்திறதுக்கு ஒன்லைன்ல சும்மா கிடக்கு, மாத்தினபிறகு ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, கொம்பும் காலும் சிலநேரம் இடம் மாறியிருக்கும். ரெண்டாவது ஸ்கான். போன்ல படம் எடுத்து ஒட்டின பிடிஎஃப் 90 எம்பி வரும், பக்கத்தின்ரை நடுவிலை பெருவிரல் நிக்கும், அதை டேட்டா போட்டு இறக்கிறது ஆர்? ஸ்கானர்ல 300 டிபிஐ, கலர் இல்லாமல், அதே சப்டர் அஞ்சாறு எம்பிக்குள்ள வந்திடும். ஃபைலுக்குப் பேரும் வையுங்கோ, கிழமை, எழுதினவர், பக்கம் எண்டு.

டிப்பார்ட்மென்ட் அலுமாரி எண்டொரு வழியும் இருக்கு, லெக்சரர் தன்ர சொந்தப் புத்தகத்தைப் பிள்ளையளுக்கு நேராக் குடுக்கிறதும் அந்த வகைதான். அதைப் பற்றிக் கனக்க எழுத ஒண்டும் இல்லை. திறப்பு வச்சிருக்கிறவர் லீவிலை நிக்கிற நாள்தான் புத்தகம் தேவைப்படும். சொந்தப் புத்தகம் எண்டால் திரும்பி வராது எண்டு நினைச்சுக் குடுங்கோ.

கடைசியா அருமையான சாமான்கள். தங்கச்சியின்ரை லிஸ்டிலை ரெண்டு இருந்தது, எழுபதுகளிலை இஞ்ச அச்சடிச்ச சின்னப் புத்தகம் ஒண்டு, ஒரு பழைய சஞ்சிகைக் கட்டுரை. அவவிட்டை ஒறிஜினல் கிடக்கு, தாத்தா வச்சிருந்தவராம், அதை ரிசேர்விலை குடுக்கப் போறன் எண்டா. நான் வேண்டாம் எண்டு மறிச்சன். இந்த ஊரிலை ஒறிஜினலைப் பற்றிச் சும்மா கதைக்கேலாது, 1981 மே முடிஞ்சு ஜூன் பிறந்த இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்தோட ஏறத்தாழ 97,000 புத்தகமும் சுவடியும் எரிஞ்சது, அதிலை எத்தினையோ வேற ஒரு இடத்திலையும் கொப்பி இல்லாதது. எங்கட வீட்டிலை அம்மப்பா அதைச் சொல்லேக்கை எண்ணிக்கையைச் சொல்லமாட்டார், தான் வாசிச்ச ஒரு புத்தகத்தின்ரை பேரைச் சொல்லி "அது பேந்து ஒரு இடமும் காணேல்லை" எண்டுதான் சொல்லுவார். ரிசேர்வ் எண்டது ஒரு கிழமைக்கு ஐம்பது கை பிரட்டிற இடம், ஐம்பது வருசத்துத் தாள் அதைத் தாங்காது. ஒருக்கா ஸ்கான் பண்ணி, கொப்பியை அட்டை போட்டு ரிசேர்விலை வைக்கோணும், ஒறிஜினல் வீட்டை இருக்கட்டும், இல்லாட்டி லைப்ரரிக்கே நிரந்தரமாக் குடுத்து அவை பாதுகாக்கட்டும். அதுக்கும் முதல் "நூலகம்" எண்ட இணையத் தளத்திலை ஒருக்காத் தேடும் எண்டன், 2005ல தொடங்கினது, ஈழத்துப் புத்தகம், சஞ்சிகை, பத்திரிகை எண்டு கனக்க ஏத்தி வச்சிருக்கினம். கோலை வைக்காமலே தேடினா, சஞ்சிகை அந்த இதழே கிடந்தது. லிங்க்கை மூடில்ல போட்டால் விசயம் முடிஞ்சுது, ரிசேர்வும் வேண்டாம், கொப்பிக் கடையும் வேண்டாம்.

அப்ப கடைசியிலை அவவின்ரை கோர்ஸுக்கு வந்த ஒழுங்கு இப்பிடி. மெயின் புத்தகம் நாலு கொப்பியிலை மூண்டு ரிசேர்வ், பகல் ரெண்டு மணித்தியாலம், பூட்டேக்கை ஓவர்நைட். நாலாவது லெண்டிங்கிலையே நிக்கட்டும், ஆறுதலா வாசிக்கிற ஒரு பிள்ளையாவது இருக்கும். அதிலை கட்டாயம் வாசிக்க வேண்டிய ரெண்டு சப்டரும் கவர்ல போட்டு ரிசேர்விலை, பிள்ளையள் கொப்பி அடிக்க விரும்பினால் அதிலை இருந்து அடிக்கட்டும், புத்தகத்தின்ரை முதுகு தப்பும். கட்டுரைகள் எட்டிலை ஓப்பன் அக்சஸ், அதாவது இணையத்திலை எல்லாருக்கும் சும்மா திறந்து கிடக்கிறது எல்லாம் லிங்க்காவே மூடிலிலை, மிச்சம் ரெண்டோ மூண்டோ ஸ்கான். அவவின்ரை சொந்த நோட்ஸ் மூடில், யுனிகோட்டிலை. பழைய புத்தகம் கொப்பியா ரிசேர்விலை, ஓவர்நைட் மட்டும். வட்ஸப்பிலை ஒண்டும் இல்லை, "மூடில்ல போட்டிருக்கு" எண்ட மெசேஜைத் தவிர. நான் எண்டால் மூண்டுக்குப் பதிலா ரெண்டு கொப்பிதான் ரிசேர்விலை போட்டிருப்பன், அவ மூண்டு எண்டு நிண்டா, அவவின்ரை பிள்ளையளை அவவுக்குத்தானே தெரியும்.

நேற்றுப் பின்னேரம் லைப்ரரிக்குக் குடுக்கப்போற ஃபோமைப் படம் எடுத்து அனுப்பியிருந்தா. எல்லாம் சரி, புத்தகத்தின்ரை பேர், ஓதர், 305 எண்டு தொடங்கிற, ராக்கையிலை புத்தகம் இருக்கிற இடத்தைக் காட்டுற கோல் நம்பர் கூட வடிவா எழுதியிருக்கிறா, எவ்வளவு நேரத்துக்கு எண்ட நிரலிலை மட்டும் மேலை இருந்து கீழை வரைக்கும் "2 மணி", "2 மணி", "2 மணி". பழைய புத்தகத்துக்கும் அதுதான். கோல் எடுத்துச் சொன்னன். "ஐயோ அண்ணா, பேனையாலை எழுதிப்போட்டன், டிப்பார்ட்மென்ட் ஹெட்டும் சைன் வச்சிட்டார்." வெட்டிப்போட்டுப் பக்கத்திலை எழுதி ஒரு சின்ன சைன் வையும், கவுண்டரிலை நிக்கிற அண்ணைக்கு உது புதுசில்லை எண்டன்.